மஞ்சள்கால் கடற்காகத்தை நானும் கண்டேன்

என் பிள்ளை நிரு,

நீயும் அம்மாவும் பயணப் பெட்டி வாங்க அஜின்கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வர எப்படியும் மத்தியானம் தாண்டிவிடும். அம்மா ஒரு கடையில் பெட்டியின் சில்லை உருட்டிப் பார்த்து, அதில் ஒரு குறை கண்டுபிடித்து, இன்னும் மூன்று கடைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போவாள். அதற்குள் இதை எழுதி முடித்து உன் பயணக் கைப்பைக்குள் வைத்துவிடவேண்டும் என்று குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை நீ பறக்கிறாய். ஸ்பெயினுக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே பாறைகளில் கூடுகட்டும் மஞ்சள்கால் கடற்காகங்களை எண்ணுவதும், அவற்றின் காலில் வளையம் மாட்டுவதும், அவை எதைத் தின்கின்றன, எங்கே போகின்றன என்று எழுதிவைப்பதும் உன் வேலை. இரண்டு வருசம். இதில் ஒன்றையும் நீ எனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொன்னாய், நான் பக்கத்து அறையில் பேப்பர் பார்ப்பதுபோல இருந்து கேட்டேன். கடந்த ஏழு வருசமாக உன்னைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இப்படித்தான். அதற்குக் காரணம் நீ இல்லை. நான்தான் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊருக்கு நீ வந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஏழாம் மாடியில் அந்த ஒற்றை அறை அபார்ட்மென்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நீ வாயே திறப்பதில்லை என்று ரீச்சர் போன் எடுத்துச் சொன்னார். கீழே கடைகள் உள்ள பிளாசாவில் கார்கள் நிற்கும் இடத்தில், பனி கொட்டும் மாரிகாலம் முழுக்கக் கடற்காகங்கள் வந்து குந்தியிருக்கும், எல்லாம் காற்று வரும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. நீ பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் ஜன்னலடியில் நின்று அவற்றையே பார்ப்பாய். "அப்பா, கடல் இல்லாத ஊரிலை கடற்காகம் என்ன செய்யுது?" என்று ஒருநாள் கேட்டாய். எனக்குத் தெரியாது. நாலு வருசமாக அந்த இடத்தைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். அங்கே பறவை நிற்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுத்த கிழமை நீ நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகம் எடுத்துவந்தாய். படம் இருந்தபடியால் எடுத்தேன் என்றாய். உன்னுடைய ஆங்கிலம் அந்தப் புத்தகத்தில்தான் தொடங்கியது. கொத்தும் சொண்டு, விரிக்கும் செட்டை, கண்ணைச் சுற்றிய வளையம் என்று ஒவ்வொன்றாகப் பாடமாக்கினாய். இரண்டு மாதம் கழித்து அதே ரீச்சர் திரும்பவும் போன் எடுத்தார். கடற்காகத்தைப் பற்றி வகுப்பில் கதைக்கச் சொன்னால் இவளை நிறுத்த முடியவில்லை என்று சிரித்தார்.

நான் அப்போது பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. உடைந்த பாண், வடிவு பிசகிய பாண் எல்லாவற்றையும் பையில் போட்டு வேலையாட்களுக்குக் கொடுப்பார்கள். நாங்கள் தின்று மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் உன்னை ஸ்காபரோ பிளஃப்ஸுக்குக் கீழே, ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவேன். அம்மா "அப்பாவும் மகளும் காகம் பாக்கப் போகினம்" என்று பக்கத்து வீட்டு அன்ரிக்குச் சொல்லிச் சிரிப்பாள். உண்மையில் நான் பார்க்கப் போனதில்லை. காரை நிறுத்தி, ஹீற்றரைப் போட்டுவிட்டு உள்ளேயே இருப்பேன். நீ யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற அந்தப் பழைய பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பனிக்கட்டி விளிம்புவரை போவாய். கைவிரல் விறைத்தால் வந்து ஹீற்றரில் பிடித்துவிட்டுத் திரும்பப் போவாய். அந்த இரண்டு மாரியும்தான் நான் உனக்கு நல்ல தகப்பனாக இருந்த காலம் என்று நினைக்கிறேன்.

மஞ்சள்காலைக் கண்ட நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸ் லீவு இன்னும் தொடங்கவில்லை. உனக்குப் பதினைந்து வயது. நீ காரைப் பார்த்துக் கையைக் காட்டினாய். பாணைக் கொண்டுவரச் சொல்கிறாய் என்று விளங்கி, பையோடு இறங்கி வந்தேன். சரியான குளிர். நான் பாணைப் பிய்த்து எறிய, நூறு இருநூறு கடற்காகங்கள் கத்திக்கொண்டு கூடிவிட்டன. நீ தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பாண் எறிகிறவன், என் கண் தரையில். அப்போதுதான் சொன்னேன்: "பிள்ளை, உதிலை ஒண்டின்ர கால் நல்ல மஞ்சளாக் கிடக்கு, பாத்தனியே?"

"சின்னதெல்லாத்துக்கும் கால் மஞ்சள்தான் அப்பா. சொண்டிலை கறுப்பு வளையம் இருக்கும்."

"இது சின்னதில்லை. பெரியது. சொண்டிலை வளையமும் இல்லை."

நீ பைனாகுலரைத் திருப்பினாய். நான் பாணை எறிய எறிய அது கிட்ட வந்து, எங்களுக்கு இருபது அடி தூரத்தில் நின்றது. நீ பைனாகுலரை இறக்காமலே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனாய். தலை வெள்ளை, ஒரு கோடும் இல்லை. முதுகு மற்றதுகளைவிட ஒரு படி கருமை. கண்ணைச் சுற்றிச் சிவப்பு. சொண்டின் கீழ்ப்பக்கம் பெரிய சிவப்புப் புள்ளி. "அப்பா, நீங்கள் அசையாதேங்கோ. பாணை மட்டும் எறியுங்கோ" என்றாய். நான் அப்படியே செய்தேன். கடைசித் துண்டு முடியும்வரை அது நின்றது. பிறகு செட்டையை விரித்து ஏரிக்கு மேலே போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நீ கதைத்தாய். அப்படி நீ கதைத்ததை நான் முந்தியும் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. இங்கே ஏரியில் நிற்கிற பெரிய கடற்காகத்துக்கு ஹெரிங் என்று பெயர், அதன் கால் இளஞ்சிவப்பு, மாரியில் அதன் தலை முழுக்கத் தவிட்டு நிறக் கோடு விழும் என்றாய். நாங்கள் கண்டது அதன் ஒன்றுவிட்ட சகோதரம், மத்தியதரைக் கடலுக்குரியது, நடு மாரியிலும் அதற்குத் தலை வெள்ளையாகவே இருக்கும் என்றாய். பழைய புத்தகங்களில் இரண்டையும் ஒரே சாதி என்றுதான் எழுதியிருக்கிறார்கள், இப்போதுதான் இல்லை, இது தனிச் சாதி என்று படித்தவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்றாய். எப்போதோ ஒரு காலத்தில் எல்லாம் ஒன்றாக இருந்ததாம். பனி பரவி வந்து கூட்டத்தைப் பிரித்ததாம். ஒரு பகுதி வடக்கில், ஒரு பகுதி தெற்குக் கடலில் என்று எத்தனையோ ஆயிரம் வருசம் தனித்தனியே இருந்துவிட்டு, பனி போனபின் திரும்பச் சந்தித்தபோது பக்கத்தில் பக்கத்தில் கூடுகட்டினாலும் சோடி சேர்வது அரிதாகிவிட்டதாம். "அப்ப இது என்னெண்டு இஞ்சை வந்தது?" என்று கேட்டேன். "குஞ்சு பொரிச்சு முடிஞ்சால் அதுகள் ஊர் சுத்தும் அப்பா. மீன்பிடிப் படகுகளுக்குப் பின்னாலை போகும். இது ஏதோ ஒரு கப்பலுக்குப் பின்னாலை வந்திருக்கும். இல்லாட்டி புயல் கொண்டு வந்திருக்கும். ஆருக்குத் தெரியும்" என்றாய். இந்த நாட்டில் இதைக் கண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்று சொல்லிவிட்டு, "அதுவும் நீங்கள்தான் முதல் கண்டனீங்கள்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒளிக்க, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்ததை எழுதுவதற்கு முன், உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். சாட்டுச் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று தெரிந்துகொள். நான் இங்கே தனியாக வந்து அகதி அந்தஸ்துக் கோரியபோது ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். ஊரில் ஆமி என்னைப் பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தது என்று அதில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பல மாதம் கழித்து விசாரணை நடந்தபோது ஒன்பது நாள் என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வந்ததா, மறதியில் வந்ததா தெரியாது. அடைத்து வைத்திருந்த இடத்தில் ஜன்னல் இல்லை. நாளை எப்படி எண்ணினேன் என்பதே எனக்குத் தெரியாது. எதிரே இருந்தவர் பேப்பரைத் தட்டி, "அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். என்ன மணி, எந்தப் பக்கக் கதவு, வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம் என்று கேள்வி கேள்வியாக வந்தது. நான் குழம்பினேன். நிராகரித்துவிட்டார்கள். திரும்ப மனுப்போட்டு, திரும்பக் காத்திருந்து, கடைசியில் ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வருசம் போனது. அந்த இரண்டு வருசமும் நீயும் அம்மாவும் அங்கே ஷெல் அடிக்குள் இருந்தீர்கள். என் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணால் உங்களை அங்கே இருக்க விட்டேன் என்ற எண்ணம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. அதன் பிறகு பேனையோடும் பேப்பரோடும் யாராவது எனக்கு எதிரே இருந்தால் எப்படியாவது எழும்பிப் போகத்தான் பார்ப்பேன். அம்மாவுக்கு இது தெரியும். உனக்குத் தெரியாது என்றுதான் இந்தச் சித்திரைவரை நினைத்திருந்தேன்.

நீ கண்ட பறவையைப் பற்றி வால்டருக்குப் போன் பண்ணினாய். ஏரிக்கரையில் நீ பழகிய அந்த ஓய்வுபெற்ற தபால்காரர். அரிய பறவைகளைப் பதிவு செய்கிற ஒரு குழுவில் அவர் இருந்தார். அடுத்த சனிக்கிழமை காலை அவரும், அந்தக் குழுவில் இன்னொரு இளைஞரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தேத்தண்ணியும் வடையும் வைத்தாள். நீ கலர் பென்சிலால் கீறிய படத்தை மேசையில் விரித்தாய். அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. தன் வேலையைச் செய்தார். ஹெரிங்குக்கும் சிலவேளை கால் மஞ்சளாவது உண்டு, இரண்டு சாதி கலந்த குஞ்சும் இப்படி இருக்கும், சாய்ந்த வெயிலில் நிறம் ஏமாற்றும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். கடைசியில் வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். உன் முகம் மலர்ந்தது. "அப்பாதான் அந்த மஞ்சள் காலை முதலில் கண்டவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய்.

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். பேனையின் மூடியைக் கழற்றினார். என் முழுப்பெயரைக் கேட்டார்.

"அப்பா, எத்தினை மணி எண்டு கேக்கினம்."

"அப்பா, வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை வந்தது எண்டு கேக்கினம்."

"எவ்வளவு தூரம் எண்டு கேக்கினம். கால் என்ன நிறம் எண்டு கேக்கினம். சொல்லுங்கோ அப்பா."

நான் சொன்னேன்: "நான் வடிவாப் பாக்கேல்லை எண்டு சொல்லு."

"அப்பா?"

"நான் காருக்குள்ளை இருந்தனான். ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நான் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறேன், அது யார் என்று தேடுவதுபோல இருந்தது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாய்: அப்பா காருக்குள் இருந்தாராம், அவர் ஒன்றையும் காணவில்லையாம். எனக்கு அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும். அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நீ விரும்பியிருந்தால் "மஞ்சள்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் நான் சொன்னது அதுவல்ல என்பதால் நீ சொல்லவில்லை. அந்த அறையில் அன்றைக்கு நேர்மையாக இருந்தது நீ ஒருத்திதான். பொய்க்காரியாகத் தெரிந்ததும் நீ ஒருத்திதான். ஒரு நிமிசத்துக்கு முந்தித்தானே அப்பாதான் கண்டவர் என்று சொல்லியிருந்தாய். இளைஞர் தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். வால்டர் வடை நல்லாயிருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னார்.

அவர்கள் போனபின் நீ ஒரே ஒருமுறை "ஏன் அப்பா?" என்று கேட்டாய். "உன்ரை விளையாட்டுக்கு என்னை ஏன் சாட்சிக்குக் கூப்பிடுறாய்? உந்த ஆக்களுக்கு ஒண்டைச் சொன்னால் ஒம்பதைக் கேப்பினம்" என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நீ பஸ்ஸில் போய்விட்டாய். அதற்குப் பிறகு எப்போதும் பஸ்தான். கொஞ்ச நாள் கழித்து, அந்தப் பறவை பதிவாகவில்லை என்று அம்மா சொன்னாள். ஒரு பிள்ளையின் பேச்சை யார் எடுப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று. அந்த நிம்மதியை நினைத்து இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் மல்வேர்னுக்கு வீடு மாறிய வருசம், நீ யூனிவேசிற்றிக்கு விண்ணப்பம் போடுகிற நேரம், உயிரியல்தான் படிக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாய். நான் அறையை விட்டு வெளியே வந்து, கொம்பியூட்டர் படி, எக்கவுண்டிங் படி என்று தொடங்கினேன். உன் பொறுமை எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அப்போது ஒரு வசனம் சொன்னேன். உனக்கு அது மறந்திருக்காது. "நீ கண்ட ஒரு காகத்தையே ஒருத்தரும் நம்பேல்லை. உதைப் படிச்சு என்ன கிழிக்கப்போறாய்?" அம்மா கையில் இருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சரியப்பா" என்றாய். உயிரியல்தான் படித்தாய். என்னிடம் ஒரு கையெழுத்தும் கேட்காமல், வேண்டிய எல்லாவற்றையும் நீயே செய்துகொண்டாய்.

பிறகு உன்னுடைய பறவையை நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துதான் படித்தேன். லீவில் வரும்போது அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு சொல்வாய். பங்குனி சித்திரையில் அது பாறை இடுக்கில் மூன்று முட்டை இடும், தாயும் தகப்பனும் மாறிமாறி அடைகாக்கும், குஞ்சு சொண்டில் இருக்கும் சிவப்புப் புள்ளியைக் கொத்தினால்தான் பெரியது தின்றதைக் கக்கிக் கொடுக்கும். ஊருக்குள் வந்து வீட்டுக் கூரையிலும் கூடுகட்டும், குப்பை மேட்டில் கிளறும், மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் களவெடுத்துத் தின்னும். அதனால் அங்கே உள்ளவர்களுக்கு அதைக் கண்ணிலும் காட்டக்கூடாது, சில இடத்தில் முட்டையை உடைக்கிறார்கள் என்றாய். "அப்ப ஏனடி உந்தக் கள்ளப் பறவைக்காக இவ்வளவு பாடுபடுறாய்?" என்று அம்மா கேட்டாள். "அது எவ்வளவு களவெடுக்குது எண்டு ஒருத்தரும் வடிவாப் பாக்கேல்லை அம்மா. பாக்காமலே சொல்லினம்" என்றாய். நான் பேப்பரின் அதே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலை உனக்குக் கிடைத்த செய்தி வந்தபோதுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைத்தலத்தில் ஒரு தம்பியைக் கொண்டு கொம்பியூட்டரில் தேடி, வால்டரின் விலாசம் எடுத்தேன். அஜின்கோர்ட்டில் முதியவர்களுக்கான ஒரு கட்டடத்தில் இருக்கிறார். சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை போனேன். வாசலில் அவர் என்னை அடையாளம் காணவில்லை. உன் பெயரைச் சொன்னவுடன் கதிரையை இழுத்துப் போட்டார். நான் வழி முழுக்கப் பாடமாக்கிய ஆங்கிலத்தில் சொன்னேன்: "அன்றைக்கு நான் பொய் சொன்னேன். காருக்குள் இருக்கவில்லை. கால் மஞ்சள். நான்தான் முதலில் கண்டேன். இப்போது எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். என் மகளை நம்பச் சொல்லுங்கள்."

அவர், "அவளை நாங்கள் நம்பாமல் இருக்கவில்லையே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னார், ஆறுதலாக. உன் படத்தைப் பார்த்த அன்றைக்கே அந்த இளைஞர் நம்பிவிட்டாராம். காரில் போகும்போதே, இந்தப் பிள்ளை பார்க்காத ஒன்றைக் கீறவில்லை என்று சொன்னாராம். தகப்பனுக்கு ஏதோ பயம் இருக்கிறது, இன்னொரு நாள் தமிழ் தெரிந்த ஒருவரோடு போய்க் கதைப்போம் என்று இருவரும் முடிவெடுத்தார்களாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில் இருந்த போனில் நீ வால்டருக்கு எடுத்திருக்கிறாய். என் பதிவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றாயாம். உனக்குச் சந்தேகம் வந்துவிட்டதா என்று அவர் கேட்டாராம். "எனக்குச் சந்தேகம் இல்லை. அது மஞ்சள்கால்தான். ஆனால் இந்த நாட்டுக்கு வந்தபோது என் அப்பாவைக் கனக்கக் கேள்வி கேட்டுவிட்டார்கள். இனி எங்கள் வீட்டில் யாரும் வந்து அவரைக் கேள்வி கேட்பதை நான் விரும்பவில்லை" என்றாயாம். நாங்கள் கேட்காமலே விடுகிறோம், பதிவு இருக்கட்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தாராம். நீ கேட்கவில்லையாம். என்னுடைய பெயர் அந்தத் தாளில் இருக்கக்கூடாது என்று நின்றாயாம்.

பதினைந்து வயதில். அம்மாவும் நானும் குசினியில் குசுகுசுத்ததை நீ கேட்டிருக்கிறாய். எல்லாம் அறிந்துகொண்டுதான் அந்தத் திங்கட்கிழமை போனை எடுத்திருக்கிறாய். அதைவிட, உன்னை ஒருத்தரும் நம்பவில்லை என்று உன் முகத்துக்கு நேரே நான் சொன்ன அன்றைக்கு, "அவை நம்பினவை அப்பா, உங்களுக்காகத்தான் விட்டனான்" என்று ஒரு வசனத்தில் என்னை நிறுத்தியிருக்கலாம். "சரியப்பா" என்று மட்டும் சொன்னாய். அன்று வால்டர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஏழு வருசத்து ஞாபகத்தைக் குழு எடுக்காது, எடுத்தாலும் பதிவு அவளுடையது, அதைத் திரும்பக் கொடுப்பதோ விடுவதோ அவளுடைய முடிவு என்றார். உன் படத்தை ஒரு மட்டைக்குள் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். கேட்டேன், தரவில்லை. அவள் வந்து கேட்டால் கொடுப்பேன் என்றார். அவர் சொன்னது சரி.

அன்றிலிருந்து இரண்டு மாதமாக உன்னிடம் சொல்ல முயற்சி செய்கிறேன். போன ஞாயிறு நீ காலணிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றேன். "என்னப்பா?" என்றாய். "அங்கை மழை பெய்யுமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன். இப்படிப்பட்ட ஒரு மனுசன் உனக்கு என்ன புத்தி சொல்வது? ஆனாலும் தகப்பன் என்ற உரிமையில் இரண்டு சொல்கிறேன். அங்கே யாராவது உன்னிடம் வந்து, அவர் மீன்பிடிக்கிறவரோ சின்னப் பிள்ளையோ, "நான் இதைக் கண்டேன்" என்று சொன்னால், முதலில் அவர்களை இருக்கச் சொல். கேள்வியைப் பிறகு கேள். கேட்கும்போது உன் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேள். மற்றது, உன்னில் அன்பு உள்ளவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லாவற்றையும் உனக்குள்ளே விழுங்காதே. நீ அன்றைக்கே என்னை எதிர்த்துக் கேட்டிருந்தால் நான் எப்போதோ திருந்தியிருப்பேன் என்று எழுத வந்தேன். எழுதிவிட்டு யோசித்தால், அது திரும்பவும் பழியை உன் தலையில் போடுவதுதான். நான் திருந்தியிருக்கமாட்டேன். இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன். நீ என்னை நன்றாக அறிந்துதான் பேசாமல் இருந்தாய். அதுதான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

மன்னிப்புக் கேட்டு உன்னை இன்னொரு பாரம் சுமக்க வைக்க விருப்பமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பறப்பதற்கு முன் வால்டருக்கு ஒரு போன் எடு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு வருசம் என்பது அவருக்குப் பெரிய காலம். பதிவைத் திரும்பக் கொடுக்க நீ விரும்பினால், என் பெயர் அதில் இருக்கட்டும். யார் வந்து எத்தனை கேள்வி கேட்டாலும் இருந்து பதில் சொல்வேன். மணி கேட்டால், சரியாகத் தெரியாது, காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் என்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்பதை இந்த வயதில்தான் படித்திருக்கிறேன். நீ வேண்டாம் என்று விட்டாலும் சரி. அது உன்னுடைய பறவை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. அம்மா பெட்டியின் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வருகிறாள். வியாழக்கிழமை விமான நிலையத்தில் நான் பெட்டியின் நிறையைப் பற்றிக் கேட்பேன். பாஸ்போட் எங்கே என்று நாலுமுறை கேட்பேன். போனவுடன் போன் பண்ணு, குளிருக்கு உடுப்புப் போடு என்பேன். வேறு ஒன்றும் என் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு, அப்பாவுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துவிடாதே, பிள்ளை.

அப்பா